“எதற்கு இவ்வளவு அவசரம்?” என்று கேட்ட துப்பாக்கிக் கடை

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாக யோசித்தேன். எழுத உட்காருவேன், சுவரில் இருக்கும் பிள்ளையார் படத்தைப் பார்ப்பேன், பேனாவை மூடி வைத்துவிடுவேன். மறைக்க வேண்டிய பெரிய விஷயம் ஒன்றுமில்லை. இந்தப் பிரெஞ்சு நகரத்தில், ரூ பஜோல் தெருப் பிள்ளையார் கோயிலில் தேர் வடம் பிடித்த கையால் வருடம் முழுக்கத் துப்பாக்கிக் குண்டு விற்றவன் நான். இதை எந்த வாயால் ஆரம்பிப்பது? ஊரில் உள்ள சொந்தக்காரருக்கு என் மனைவி, “அவர் இரும்புச் சாமான் கடையிலை வேலை” என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். அது பொய் என்று சொல்ல முடியாது. இரும்போடு கொஞ்சம் ஈயமும் செப்பும் பித்தளையும் இருந்தன, அவ்வளவுதான்.

நான் ஓய்வு பெற்ற பிறகுதான் இந்தக் கதைக்கு மதிப்பு வந்தது. இங்கே பிறந்த நம் பிள்ளைகள் சிலர் இப்போது சுடும் சங்கங்களில் சேர்ந்திருக்கிறார்கள். போன முறை தேருக்கு நின்றபோது ஒருவன் கைத்தொலைபேசியில் ஏதோ படத்தைக் காட்டி, “தொந்தோன், மக்னம் தோட்டாவை வீட்டிலையே செய்யலாமாமே, இதைவிட வேகமாப் போகப் பண்ணேலாதா?” என்று கேட்டான். தொந்தோன் என்றால் பிரெஞ்சில் மாமா. சுற்றிலும் தேங்காய் உடைகிற சத்தம். அந்தச் சத்தத்தில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்து, தமிழ்க் கடைகள் நிறைந்த லாசப்பலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். 2009இல் ஊரில் போர் முடிந்து துப்பாக்கிகள் ஓய்ந்தன. அதே வருடம் இங்கே எனக்குத் துப்பாக்கிக் கடையில் வேலை கிடைத்தது. கடவுளுக்கும் சில நேரம் விளையாட வேறு இடம் கிடைப்பதில்லை போலும். கடை முதலாளி எங்கள் உணவகத்துக்கு மதியம் சாப்பிட வருபவர். கூட்டித் துடைக்க ஓர் ஆள் வேண்டும் என்றார், போனேன். இரண்டு வருடம் கூட்டினேன், பெட்டி அடுக்கினேன், பிரெஞ்சில் மரியாதையாக மறுத்துப் பேசப் பழகினேன். பிறகு மேசைக்குப் பின்னால் நிற்க வைத்தார். என் பயிற்சி அவ்வளவுதான்.

முதலாளி பெயர் பெர்னார், பிரெஞ்சு மரியாதையில் முசியே பெர்னார். சாம்பல் நிற மேலங்கி போட்டிருப்பார். வாடிக்கையாளரோடு வரும் நாயைக்கூட “நீங்கள்” என்றுதான் கூப்பிடுவார். கடவுள் இல்லை என்பவர். ஆனால் அவருடைய ஆசாரம் நான் எந்தக் கோயிலிலும் காணாதது. தோட்டா செய்து காட்டும் பின்னறைக்குள் போகுமுன் கை துடைக்க வேண்டும். மேசையில் ஒரே ஒரு வெடிமருந்து டப்பாதான் இருக்கலாம், இரண்டாவது டப்பா உள்ளே வரக் கூடாது. பேச்சு இல்லை, தொலைபேசி இல்லை. எங்கள் ஐயர் அபிஷேகத்துக்கு நடுவில் தொலைபேசி எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். பெர்னார் எடுத்ததில்லை.

தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். சுடும்போது பறந்து போவது குண்டு. அதைத் தள்ளிவிடுவது மருந்து. மருந்தைப் பிடித்து வைத்திருப்பது பித்தளைக் கோது. கோதின் அடியில் தீ மூட்டும் சின்னக் கிண்ணம் ஒன்று இருக்கும். இது நாலும் சேர்ந்ததுதான் தோட்டா. சங்கத்தில் சேர்ந்து அனுமதிப் பத்திரம் வைத்திருப்பவர்கள், சுட்ட கோதை எறியாமல் அதிலே மறுபடி மருந்தும் குண்டும் வைத்துக்கொள்வார்கள். சிலருக்கு அது சிக்கனம். பலருக்குத் தன் கையால் செய்தது என்ற பெருமை. வீட்டிலே இட்லி மாவு அரைக்கிறவர்களுக்கு இது புரியும்.

குண்டு வாங்க யார் வந்தாலும் பெர்னார் மூன்று கேள்வி கேட்பார். “எந்த ரிவால்வர்? எந்தக் குண்டு? எதற்கு இவ்வளவு அவசரம்?” மூன்றாவது கேள்வி வேகத்தைப் பற்றியது. பலம் கூடிய தோட்டா சுடுகிற மக்னம் ரிவால்வர் வாங்கியவர்களுக்கு முதலில் வருவது வேகப் பைத்தியம். அவர்களிடம், “நீங்கள் சுடுவது காகிதத்தை. காகிதம் ஓடிப்போகாது” என்பார்.

ஒரு முறை இறைச்சிக் கடைக்காரர் ஒருவர் வந்தார். மலிவான ஈயக் குண்டுப் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்துவிட்டார். மெல்லிய ஈயம். அடிப்பக்கம் கிண்ணம் போலக் குழிவாக இருக்கும்.

“இதைக் கொடுங்கள்.”

“இது மெதுவாகப் போகப் பிறந்த குண்டு, முசியே.”

“என்னுடையது மக்னம்.”

“ரிவால்வர்தான் மக்னம். குண்டு அல்ல.”

பிறகு பொறுமையாக விளக்கினார். இந்தக் குண்டை மக்னம் வேகத்தில் தள்ளினால் குண்டின் அடியில் உள்ள அந்த மெல்லிய கிண்ணம் கிழிந்து துப்பாக்கிக் குழாயிலேயே தங்கிவிடலாம். தலை மட்டும் பறக்கும். சுட்டவருக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த குண்டு வந்து அந்தக் கிண்ணத்தில் முட்டிக் குழாய் வெடிக்கும்போதுதான் தெரியும். அப்போது தெரிந்து பயனில்லை. வெறும் ஈயத்துக்கு வேறொரு குணமும் உண்டு. வேகம் மிஞ்சினால் குழாயின் உட்புறத்தில் பூசிக்கொள்ளும். எனக்கு இது உடனே பிடிபட்டது. கல் அளவுக்கு மேல் காய்ந்தால் தோசை ஒட்டும். வேகமாகப் போக வேண்டுமென்றால் கடினமான ஈயமோ செப்புக் கவசம் போட்ட குண்டோ வேண்டும். அதிலும் இலேசான குண்டுக்கு எழுதிய மருந்தளவைப் பாரமான குண்டுக்குப் போடக் கூடாது. பாரமான குண்டு நகரத் தயங்கும், அது தயங்குகிற நேரத்தில் உள்ளே அமுக்கம் ஏறிவிடும்.

இறைச்சிக் கடைக்காரர், “அப்ப விற்க மாட்டீர்களா?” என்றார். பெர்னார் “முடியாது” என்று சொல்லவே மாட்டார். “நாளைக்கு வாருங்கள்” என்பார். நாளைக்கு வந்தால் மறுபடி நாளைக்கு. இப்படி எத்தனை வியாபாரத்தை அவர் அன்போடு துரத்தினார் என்று நினைத்தால், எனக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்பது இன்றும் ஆச்சரியம்தான்.

அவர் ஓயாமல் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு. மருந்து செய்கிறவர்கள் ஒவ்வொரு குண்டுக்கும் எவ்வளவு போடலாம் என்று அட்டவணை வெளியிடுவார்கள். கீழே தொடக்க அளவு, மேலே கடைசி அளவு. “தொடக்கத்திலிருந்து மெல்ல ஏறுங்கள். கடைசி வரி வரை போகாதீர்கள். உங்கள் தவறு வந்து உட்கார ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். அது எப்படியும் வரும்.”

இனி முசியே தண்டபாணியின் கதை.

அவர் புதுச்சேரிக்காரர். அரசாங்கக் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், நகரத்துக்கு வெளியே செவ்ரானில் வீடு. எங்கள் கடைக்கு வருகிற ஒரே தமிழர். நெற்றியில் திருநீறு, கையில் பித்தளைக் கோதுப் பை. முதல் நாள் என்னைக் கண்டதும், “முருகா! துப்பாக்கிக் கடையில நம்மாளா!” என்று கும்பிட்டார். சுடுவதில் ஆள் கெட்டிக்காரர். ஒரு கண் மங்கல், மற்றக் கண்ணாலேயே சங்கத்தில் முன்வரிசையில் இருந்தார். செப்புக் கவசக் குண்டைத்தான் எடுப்பார். எல்லாம் ஒழுங்கு.

ஒரு சனிக்கிழமை காலை வந்தவர் முகத்தில் ஒழுங்கு இல்லை.

“சுட்ட கோது வெளிய வரமாட்டேங்குதுப்பா. குச்சி வச்சுத் தட்ட வேண்டியிருக்கு. மிசின்ல ஏதோ கோளாறு. நாளைக்குப் போட்டி. பாத்துக் குடு.”

நான் பிரெஞ்சில் சொல்லச் சொல்லக் கேட்ட பெர்னார் ரிவால்வரைத் தொடவில்லை. கோதுகளை வாங்கி, அடியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். தீக் கிண்ணங்கள் நசுங்கித் தட்டையாகி, ஓரமே தெரியாமல் கோதோடு சமமாகிக் கிடந்தன. உள்ளே அமுக்கம் மிஞ்சியதற்கு அதுதான் அடையாளம். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“முசியே தண்டபாணி, இந்தத் தோட்டாவை நாளைக்குச் சுடக் கூடாது.”

“நாளைக்கு வாருங்கள்” என்று சொல்லாமல் அவர் நேராக மறுத்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

தண்டபாணி ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “நாப்பது வருசம் கணக்கு எழுதினவன் நான்! அட்டவணையில போட்டிருக்கிறதுக்கு ஒரு துளி மேல போடலை!”

“எந்த வரி?”

“கடைசி வரி. அச்சடிச்சுத்தானே வச்சிருக்கான்?”

“அப்படியானால் நாற்காலி போடவில்லை” என்றார் பெர்னார். “மீதித் தோட்டா எவ்வளவு இருக்கிறது?”

“சீசன் முழுக்கச் செஞ்சு வச்சிருக்கேன். மூணு பெட்டி.”

கடையை விட்டு வர பெர்னாரால் முடியாது. சோதனைக்கு வைத்திருக்கும் சின்னப் படிக்கற்களைப் பெட்டியோடு என் கையில் தந்து, அவரோடு வீட்டுக்குப் போய் மருந்து நிறுக்கும் தராசைப் பார்த்துவரச் சொன்னார். ரயிலில் பாதி வழியில் ஐயா கேட்டார்.

“யாழ்ப்பாணத்துக்காரங்க எல்லாத்துக்கும் பயப்படுவீங்களாப்பா?”

“பயந்தபடியாத்தான் ஐயா இஞ்சை உயிரோடை இருக்கிறம்.”

அவர் சிரித்தார். ஆனால் அசையவில்லை. “என் தராசு பொய் சொல்லாது. பாரு.”

வீட்டில் தோட்டா செய்கிற மேசை பூசை அறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நல்ல துலாத் தராசு. ஒரு பக்கம் தொங்கும் தட்டு, மறுபக்கம் முள். தட்டு வெறுமையாக இருக்கும்போது முள் சூனியத்தில், அதாவது பூச்சியத்தில், நிற்க வேண்டும், அதைச் சரிசெய்ய அடியில் ஒரு திருகு உண்டு. அந்தத் திருகின் மேல் ஒட்டு நாடா சுற்றியிருந்தது.

“இது ஏன் ஐயா?”

“பேரப் பசங்க திருகிடுவாங்கன்னு. ஒரு தடவை சரியா வச்சேன், ஒட்டிட்டேன். யாரும் தொட முடியாது.”

படிக்கல்லை வைக்கவே தேவைப்படவில்லை. வெறும் தட்டு மேலே போக, முள் சூனியத்துக்குக் கீழே போய் நின்றது. தட்டின் பாரம் இருக்க வேண்டியதைவிடக் குறைந்திருக்கிறது. அப்படியென்றால், அந்தக் குறையை நிரப்ப ஒவ்வொரு தடவையும் மருந்து கூடுதலாக விழுந்திருக்கிறது. அட்டவணையின் கடைசி வரிக்கும் மேலே.

தட்டு எப்படிப் பாரம் குறையும்? உடையவில்லை, வளையவில்லை. நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஐயாவுக்கும் விளங்கவில்லை. “படிக்கல்தான் தப்பு” என்றார், நான் இன்னும் வைக்காத படிக்கல்லைக் காட்டி.

அப்போது அவர் மனைவி அமிர்தம் அம்மா காப்பி கொண்டுவந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தட்டு தலைகீழாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, “ஐயோ, பொட்டு முழுக்க உதிர்ந்துடுச்சா?” என்றார்.

“என்ன பொட்டு?” என்றார் ஐயா.

“சரஸ்வதி பூசைக்கு எல்லாத்துக்கும் வச்சேனே. கார், கம்ப்யூட்டர், தையல் மிசின், இது. தட்டுக்கு அடியில வச்சேன், மேல வச்சா இவரு திட்டுவாருன்னு. நல்ல சந்தனம், கெட்டியாக் கொழைச்சு அப்பியிருந்தேன். காஞ்சு காஞ்சு பொடிப்பொடியா மேசையில விழுந்துச்சு. நாந்தான் தெனம் தொடைச்சு எடுத்தேன்.”

ஐயா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். பூசைக்கு அடுத்த நாள்தான், நல்ல நாள் என்று, அவர் அந்த சீசன் தோட்டாக்களைச் செய்யத் தொடங்கியிருந்தார். ஈரச் சந்தனத்தோடு சேர்த்துத் தட்டைச் சூனியத்துக்கு வைத்து, திருகை ஒட்டிவிட்டார். தட்டுக்கு அடியில் பொட்டு இருப்பதை அவர் கவனிக்கவேயில்லை. அடுத்தடுத்த பின்னேரங்களில் சந்தனம் காய்ந்தது, உதிர்ந்தது. உதிர்ந்த பாரத்துக்குப் பதிலாக மருந்து ஏறியது. ஒரு பொட்டுச் சந்தனம் என்ன பாரம் வரும் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஒரு தோட்டாவுக்குள் போகிற மருந்தே ஒரு சிட்டிகைதான்.

“அப்போ சாமி கும்பிட்டது தப்புங்கறியா?” ஐயாவின் குரல் உயர்ந்தது.

நான் எந்தப் பக்கம் நிற்பது? நானும் பூசைக்குக் கடை மேசையில் பூ வைத்தவன்தான். பெர்னார் அதைப் பார்த்துப் பார்க்காததுபோல இருப்பார்.

“கும்பிட்டது பிழையில்லை ஐயா. கும்பிட்ட பிறகு சூனியத்தைப் பாக்காததுதான் பிழை.”

“சரி. சந்தனம் ஈரமா இருந்தப்போ செஞ்சது நல்ல தோட்டாதானே? முதல் பெட்டியை நாளைக்கு எடுத்துட்டுப் போறேன்.”

நியாயமான பேச்சு. நானே ஒரு கணம் தலையாட்டப் பார்த்தேன். பிறகு கேட்டேன், “முதல் பெட்டி எது ஐயா?”

அவர் மூன்று பெட்டியையும் பார்த்தார். கணக்குப் பிரிவில் இருந்த மனிதர். பெட்டிகள் சமமாக நிரம்ப வேண்டும் என்று எல்லாத் தோட்டாவையும் கொட்டி, துடைத்து, அழகாக மறுபடி அடுக்கியிருந்தார். வெளியில் இருந்து பார்க்க ஒவ்வொன்றும் ஒரே மாதிரி. எது காகிதத்தைத் துளைக்கும், எது கையைத் துளைக்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

“போட்டி நாளைக்குப்பா,” என்றார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. “இந்த வருசம் விட்டா அடுத்த வருசம் இந்தக் கண்ணு இருக்குமான்னு தெரியாது. போன வாரம் சுட்டேனே, ஒண்ணும் ஆகலையே.”

“குச்சி வைச்சுத் தட்டினியள் ஐயா.”

அமிர்தம் அம்மா அதற்கு மேல் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. மூன்று பெட்டியையும் அள்ளிக்கொண்டு போய்ப் பூசை அலமாரிக்குள் வைத்தார். “எடுக்கணும்னா சாமிகிட்ட கேட்டுட்டு எடுங்க” என்றார். “இருக்கிற ஒத்தக் கண்ணும் போச்சுன்னா யாரு பாத்துக்கறது? இந்தக் கையாலதான் எனக்குத் தாலி கட்டினீங்க. அது எனக்கு முழுசா வேணும்.”

சாமி அலமாரியில் கைவைத்து எடுக்க ஐயாவுக்குத் துணிவு வராது என்று அம்மாவுக்குத் தெரியும். அந்த வீட்டில் பெர்னாரைவிடப் பெரிய அதிகாரி அவர்தான் என்று நான் மனத்துக்குள் கும்பிட்டேன். அப்போதுதான் கவனித்தேன். பெட்டிகளுக்கு ஒரு சாண் தள்ளிக் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“அம்மா! விளக்கு!”

என் வாழ்க்கையில் விளக்கை அவ்வளவு அவசரமாக அணைத்ததில்லை. வாயால் ஊதிவிட்டேன். அதுவும் பாவம்தான். அந்தப் பாவத்துக்கு இன்றுவரை பரிகாரம் செய்யவில்லை.

விளக்கு அணைந்ததும் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தது ஐயாதான். சிரித்து முடித்து, “சரிப்பா, பிரிச்சிடலாம்” என்றார்.

குண்டைப் பிரிக்கச் சுத்தியல் மாதிரி ஒரு கருவி உண்டு. உள்ளே தோட்டாவைப் பூட்டித் தரையில் கிடந்த கட்டையில் தட்டினால், குண்டும் மருந்தும் கழன்று உள்ளேயே விழும். அவர் தட்டினார். நான் திருகைச் சரிசெய்து, கழன்ற மருந்தை ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்தேன். சில சரியாக இருந்தன. சில கொஞ்சம் கூட. ஒன்றை நிறுத்தபோது முள் நிற்க மறுத்து மேலே போய்க்கொண்டே இருந்தது. ஐயா அதைப் பார்த்தார். தட்டுவதை நிறுத்தி, வலது கையை விரித்துப் பார்த்துவிட்டு மறுபடி தட்டினார். பிறகு அவர் போட்டியைப் பற்றிப் பேசவில்லை. கலந்த மருந்தைத் திரும்பப் பாவிக்கக் கூடாது. அம்மாவின் ரோசாச் செடிகளுக்கு அடியில் தூவிவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை ஐயா கடைக்கு வந்தார். போட்டிக்குச் சங்கத்திலேயே ஏதோ கம்பெனித் தோட்டா வாங்கிச் சுட்டாராம். கைக்குப் பழகாத தோட்டா, பழகாத உதைப்பு. முகம் தொங்கிப் போயிருந்தது.

“கடைசி ஆளா வந்தேன்பா. என் வாழ்க்கையில இப்படிச் சுட்டதில்லை.”

பெர்னாருக்கு நான் மொழிபெயர்த்தேன். அவர் மேசையைச் சுற்றி வந்து ஐயாவின் வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். வழக்கத்தைவிடச் சற்று நேரம் விடாமல் வைத்திருந்தார்.

“பிராவோ.”

ஐயாவுக்குச் சுருக்கென்றது. பிரெஞ்சிலேயே கேட்டார், “கடைசியாக வந்ததற்கா பிராவோ?”

“வந்ததற்கு, முசியே. கடைசி என்பது அதற்குப் பிறகு.”

அன்று மாலை பின்னறைச் சுவரில் புதிய விதி ஒன்று ஏறியது. தராசில் எந்தச் சமயப் பொருளும் பூசக் கூடாது. ஒவ்வொரு முறையும் சூனியம் பார்க்க வேண்டும். “கீழே தமிழிலும் எழுதுங்கள்” என்றார் பெர்னார். ஒரே ஒரு தமிழ் வாடிக்கையாளருக்காக எழுதினேன். பிறகு தண்டபாணி ஐயா எடுத்த அளவு எப்போதும் நடு வரிதான். அதில் அவருடைய குண்டு எவ்வளவு வேகமாகப் போனது என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இதைப் படித்தவர்கள் மற்றவர்களுக்கும் அனுப்புங்கள். நம் ஆட்கள் எதையும் அனுப்பும்போது கொஞ்சம் உப்புப் புளி சேர்ப்பது வழக்கம். இதில் மட்டும் ஒரு சொல் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். எவ்வளவு மருந்து, எந்தப் பாரக் குண்டு, எவ்வளவு வேகம் என்று இதில் ஓர் எண்கூட நான் எழுதவில்லை. மறந்துபோய் விட்டதல்ல. அந்த எண்களை மருந்து டப்பாவோடு வருகிற அட்டவணையில் பாருங்கள், அதிலும் நடுவிலேயே நில்லுங்கள். யாராவது இதில் ஓர் எண்ணைச் சேர்த்து உங்களுக்கு அனுப்பினால், அந்த எண் என்னுடையது அல்ல. போகப்போகிற கையும் என்னுடையது அல்ல.